நோவு போனால் கால் தேறிவிட்டதா?



"கால் மடங்கிப் போச்சுங்க ஐயா." இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு மாதம் போவதில்லை. மழை நாளில் இன்னும் கூட. கொழுந்து எடுக்கும் அக்காமார், கவ்வாத்து வெட்டும் அண்ணன்மார், பந்தடிக்கிற பிள்ளைகள் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். சுளுக்குத்தானே, நாலு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நாமும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால் ஒரு குடும்பம் பட்ட கஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் டிவிசனில் கொழுந்து எடுக்கும் ஒரு தங்கச்சிக்கு வலது கால் மடங்கியது. மேல் மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் ஒரு கல்லை மிதித்துவிட்டார். கணுக்கால் வீங்கிக் கறுத்துப் போனது. எக்ஸ்ரே பார்த்ததில் எலும்பு முறிவு இல்லை. பத்து நாளில் வீக்கமும் வடிந்தது. "நோவெல்லாம் போயிருச்சுங்க ஐயா, நாளைக்குப் பெரட்டுக்குப் போகட்டுமா?" என்று வந்து கேட்டார். "நோவு இல்லாட்டி தாராளமாப் போங்க தங்கச்சி" என்று நானே சொல்லி அனுப்பினேன்.

நான் சொன்னது பிழை. ஆறு கிழமை போவதற்குள் அதே கால் கான் ஓரத்தில் மறுபடி மடங்கியது. அந்த வருஷக் கடைசியில் மூன்றாம் தரம் மடங்கியபோது கூடையோடு விழுந்தார். விழும்போது கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மூன்று மாதம் பேர் இல்லை. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர்.

அதற்குப் பிறகுதான் அவரோடு ஆஸ்பத்திரியில் பிசியோதெரப்பி பகுதிக்குப் போனேன். அங்கே கேட்டார்கள்: "நோவு போனதும் மலைக்கு அனுப்பினீங்க. கால் திரும்ப நிதானம் பழகிருச்சா என்று பார்த்தீங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று அங்கே கேட்டதையும், பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கணுக்கால் ஏன் உட்பக்கமாக மடங்குகிறது?

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இறங்கி வருகின்றன. உட்பக்கத்து எலும்பு பெரியது, வெளிப்பக்கத்து எலும்பு மெல்லியது. கணுக்காலின் இரண்டு பக்கமும் கையில் தட்டுப்படும் முட்டிகள் இந்த எலும்புகளின் நுனிகள்தான். தொட்டுப் பாருங்க. வெளிப்பக்கத்து முட்டி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். அதனால் பாதம் வெளிப்பக்கம் சாய இடம் குறைவு, உட்பக்கம் சாய இடம் கூட. கல்லில் கால் பட்டால் உள்ளங்கால் உள்ளே திரும்பி, உடம்புப் பாரம் வெளி விளிம்பில் விழுகிறது.

எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் நார்களுக்குத் தசைநார் என்று பெயர். வெளிப்பக்கம் இப்படி மூன்று நார்கள் உண்டு. முன்பக்கம் இருப்பதுதான் பலம் குறைந்தது. அநேகமாக முதலில் இழுபடுவதும் கிழிவதும் அதுவே. நாம் சுளுக்கு என்று சொல்லுவது பெரும்பாலும் இந்த நார் இழுபட்டதை அல்லது கிழிந்ததைத்தான். நரம்பு பிரண்டு போச்சு என்று வீட்டில் சொல்லுவார்கள். பிரண்டு போக அங்கே ஒன்றும் இல்லை, நார்தான் அறுந்திருக்கிறது.

நார் அறுந்தால் சேதியும் அறும்

இந்த இடத்தைத்தான் நான் முன்பு அறியாமல் இருந்தேன். தசைநார் வெறும் கயிறு இல்லை. அதற்குள்ளும், சதைக்குள்ளும், உள்ளங்கால் தோலிலும் சின்னச் சின்ன நரம்பு நுனிகள் இருக்கின்றன. கால் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று இவை இடைவிடாமல் முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் சேதி அனுப்புகின்றன. கண்ணை மூடிக்கொண்டாலும் உங்க பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உங்களுக்குத் தெரிவது இதனால்தான். சேதி போனதும் கணுக்காலைச் சுற்றிய சதைகள் இறுகிக் காலை நிமிர்த்துகின்றன. வெளிப்பக்க முட்டிக்குப் பின்னால் ஓடும் சதைநார்களுக்கு இதில் பெரிய வேலை உண்டு. பாதத்தை வெளிப்பக்கம் இழுத்து, மடங்க விடாமல் பிடிப்பவை அவைதான்.

கால் மடங்கும்போது தசைநாரோடு இந்த நரம்பு நுனிகளும் கெடுகின்றன. மேல் மலையில் மண் சரிந்தால் டெலிபோன் கம்பியும் சேர்ந்து அறுந்து போகும். பிறகு மண்ணை அள்ளிப் பாதையைத் திறந்துவிடலாம். ஆனால் கம்பியை இழுத்துக் கட்டாவிட்டால், அடுத்த சரிவின்போது ஆபீசுக்குச் சேதி வராது. வீக்கம் வடிவது மண்ணை அள்ளுவது போல. நிதானத்தைத் திரும்பப் பழக்குவது கம்பி கட்டுவது போல. முதல் வேலையை நாம் செய்கிறோம், இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

1965ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஃப்ரீமன் என்ற டொக்டரும் அவரோடு வேலை செய்தவர்களும் இதை எழுதியிருக்கிறார்கள். கால் மடங்கிய பலர், நோவு போன பிறகும் அந்தக் காலில் தனியாக நிற்கத் தடுமாறுவதை அவர்கள் கண்டார்கள். அசையும் பலகையில் நிற்கப் பழக்கியபோது அந்தத் தடுமாற்றம் குறைந்தது. இன்றைக்கும் டொக்டர்மார் ஒத்துக்கொள்வது ஒன்று: ஒரு தரம் மடங்கிய கால்தான் மறுபடி மடங்க அதிக இடம் உண்டு.

கால் மடங்குவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் நடந்து முடிகிறது. மடங்கத் தொடங்கிய பிறகு சேதி போய், சதை இறுகி, காலை நிமிர்த்த நேரம் போதாது. ஆகவே பாதம் தரையில் படுவதற்கு முன்பே சதைகள் ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்த ஆயத்தம் பழக்கத்தால் மட்டுமே வரும்.

மலையில் நமக்கு உள்ள சங்கடம்

1867இல் ஜேம்ஸ் டெயிலர் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அன்றிலிருந்து நம்மவர் கால் சமதரையைக் கண்டது குறைவு. நிரையில் நிற்கும்போது ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். கல், வேர், பாசி, கான். முதுகில் பத்துப் பதினைந்து கிலோ கொழுந்து, மழை நாளில் அதற்கும் கூட. பாரம் முதுகில் இருந்தால் உடம்பு பின்னுக்குச் சாயும், கொஞ்சம் சறுக்கினாலும் நிமிர்வது கஷ்டம்.

களைப்பும் சேர்ந்துகொள்ளும். சதை களைத்தால் அது இறுகும் வேகம் குறைகிறது. காலையில் நிதானமாக ஏறின அதே பாதையில் பின்னேரம் தராசுக்கு ஓடும்போது கால் மடங்குவது அதனால்தான். தேயிலை மட்டத்துக்குக் கீழே பாதம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்க. கண் பார்க்காத இடத்தில் காலே பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரிய விளையாட்டு வீரர்களுக்கும் இது நடக்கும். 2005 ஆகஸ்ட் 4ஆம் திகதி, இங்கிலாந்தில் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில், அவுஸ்திரேலியாவின் வேகப்பந்து வீச்சாளர் கிளென் மெக்ராத் ஆட்டம் தொடங்குவதற்கு முன் பயிற்சி செய்துகொண்டிருந்தார். புல்லில் கிடந்த ஒரு பந்தை மிதித்துவிட்டார். கணுக்கால் நார் கிழிந்தது. அந்த டெஸ்டில் அவர் விளையாடவில்லை. அவுஸ்திரேலியா 2 ஓட்டத்தால் தோற்றது. நம்ம பாதையில் அந்தப் பந்து மாதிரி எத்தனை கல் கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்க.

கால் மடங்கிய அன்று செய்ய வேண்டியது

முறிவா, சுளுக்கா என்று பார்க்க, கனடாவில் ஒட்டாவா நகரத்து டொக்டர்மார் 1992இல் ஓர் எளிய முறையைச் சொன்னார்கள். இன்று உலகம் முழுவதும் அதைப் பாவிக்கிறார்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்:

1. விழுந்த உடனேயும், பிறகு வைத்தியரிடம் போன இடத்திலும், நாலு அடி நடக்க முடியாமல் இருப்பது. நொண்டி நடந்தாலும் நடந்ததுதான்.
2. உள் முட்டியிலோ வெளி முட்டியிலோ, எலும்பின் பின் விளிம்பில் கடைசி 6 சென்டிமீட்டரில், அல்லது முட்டி நுனியில், அழுத்தினால் எலும்பே நோவது.
3. பாதத்தின் வெளி விளிம்பில் நடுவே புடைத்திருக்கும் எலும்பிலோ, உட்பக்கம் பாத வளைவின் மேலே உள்ள எலும்பிலோ அழுத்தினால் நோவது.

கால் கோணிக் கிடந்தாலும், விரல்கள் மரத்தாலும், குளிர்ந்து வெளுத்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். சீனி வருத்தக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அவர்கள் "நோவு இல்லையே" என்று இருந்துவிடக் கூடாது. குடித்திருப்பவரின் பேச்சையும் நம்ப வேண்டாம். இவர்களை எப்படியும் டிஸ்பென்சரியில் காட்டுங்க.

முறிவு இல்லையென்றால், முதல் இரண்டு மூன்று நாளைக்கு:

பீலித் தண்ணியில் நனைத்த துணியை 15 நிமிடம் போடுங்க, ஒரு நாளைக்கு நாலைந்து தரம். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். கிரேப் பேண்டேஜை விரலிலிருந்து மேல் நோக்கிச் சுற்றுங்க, விரல் நீலமாகும் அளவுக்கு இறுக்க வேண்டாம். படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்க. அதற்காக ஒரேயடியாகக் கிடையில் கிடக்கவும் வேண்டாம். நோவு தாங்கும் அளவுக்குக் கோல் ஊன்றி நடப்பதும், பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும் நல்லது.

சுளுக்கு எடுக்கலாமா?

இதைக் கேட்காத வீடு இல்லை. ஆச்சிமார் எண்ணெய் போட்டு நீவுவதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் புதுக் காயத்தில், இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது, சூடு போடுவதும், அழுத்தி நீவுவதும், வெடுக்கென்று இழுப்பதும் வீக்கத்தைக் கூட்டும். உள்ளே முறிவு இருந்தால் எலும்பு விலகும். முதல் மூன்று நாள் ஒருவர் கையும் காலில் படக் கூடாது. அதன் பிறகு மெதுவாகத் தடவிவிடுவதில் கெடுதல் இல்லை. ஆனாலும் அதனால் நிதானம் வராது. நிதானம் வர நீங்களே எழும்பி நிற்க வேண்டும்.

நிதானம் பழகும் முறை

இதற்கு மெஷினும் வேண்டாம், காசும் வேண்டாம். லயத்து இஸ்தோப்பும் ஒரு சாக்கும் போதும். 2009இல் நெதர்லாந்தில் கால் மடங்கித் தேறிய 522 விளையாட்டுக்காரரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் வழக்கமான சிகிச்சையோடு சரி. மற்றவர்கள் 8 கிழமை வீட்டிலேயே தாங்களாகப் பயிற்சி செய்தார்கள். ஒரு வருஷத்துக்குள் பயிற்சி செய்யாதவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு மறுபடி கால் மடங்கியது. செய்தவர்களில் நூற்றுக்கு 22 பேருக்குத்தான். மாயம் இல்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது.

முதல் படி (நாலாம் நாள் தொடக்கம்). கதிரையில் உட்கார்ந்து, பெருவிரலால் அ, ஆ, இ, ஈ என்று ஒள வரை காற்றில் எழுதுங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிமார் கோலம் போடுங்க. பிறகு பாதத்தின் வெளி விளிம்பைச் சுவரில் வைத்து, ஐந்து எண்ணும் வரை அமர்த்துங்க. பத்துத் தரம்.

இரண்டாம் படி (நோவில்லாமல் நடக்க வந்ததும்). சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்க, பத்துத் தரம். முதலில் இரண்டு காலிலும், பிறகு ஒரு காலிலும். அடுத்தது, சுவருக்கு எதிரே நின்று, குதிகால் தரையை விடாமல், முழங்காலால் சுவரைத் தொடப் பாருங்க. நல்ல கால் எவ்வளவு தள்ளி நின்று தொடுகிறதோ, மடங்கிய காலும் அவ்வளவு தொட வேண்டும். குறைந்தால் கணுக்கால் இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம் படி. ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது, மூன்று தரம். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, அது பாத விரலுக்கு நேரே இருக்கும்படி நில்லுங்க. உட்பக்கம் சாய விடாதீங்க. அது முழங்காலுக்கும் கெடுதல். காலையில் பல் விளக்கும்போதே செய்யலாம், தனியாக நேரம் வேண்டாம். அது லேசானால் கண்ணை மூடி நில்லுங்க. அதுவும் லேசானால் நாலாக மடித்த சாக்கின் மேல் நில்லுங்க. கண்ணை மூடும்போது பக்கத்தில் சுவரோ ஆளோ இருக்க வேண்டும்.

நாலாம் படி. ஒற்றைக் காலில் நின்று பிள்ளையோடு பந்தைப் போட்டுப் பிடிப்பது, படியிலிருந்து மெதுவாக இறங்குவது, கடைசியாகச் சின்னத் துள்ளல். வெறும் கூடையை முதுகில் போட்டு இஸ்தோப்புப் படியில் ஏறி இறங்கியும் பழகலாம்.

மொத்தம் ஆறு முதல் எட்டுக் கிழமை, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். நோவு கூடினால் ஒரு படி பின்னுக்குப் போங்க.

"நம்ம காலுக்கு இந்த வயசில் பழக்கமா?" என்று சிலர் சிரிப்பார்கள். கண்டி எசல பெரஹராவில் ஆடுகிறவர்களின் பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? செருப்பில்லாமல், சலங்கை கட்டி, தார் ரோட்டில் ஆடிக்கொண்டு போகிறார்கள். முழங்காலை வளைத்துத் தாழ நிற்கும் மண்டிய நிலையும், பா சரம்ப என்ற கால் பயிற்சிகளுமே அவர்களுடைய பாலபாடம். நம்ம காமன் கூத்தில் மேடு பள்ளமான முற்றத்தில் விடிய விடிய ஆடும் பெடியன்களும் பழக்கத்தால்தான் விழாமல் ஆடுகிறார்கள். வயது போனால் பழக நாள் கூட எடுக்கும், அவ்வளவுதான்.

மலைக்குப் போக முன் ஒரு சோதனை

இனி "நோவு போச்சா?" என்று மட்டும் நான் கேட்பதில்லை. இந்த நாலையும் கேட்கிறேன்:

1. மடங்கிய காலில் 30 விநாடி, நல்ல காலைப் போலவே ஆடாமல் நிற்க முடியுமா?
2. அந்த ஒரு காலில் குதிகாலைத் தூக்குவது, நல்ல கால் செய்யும் அளவுக்கு வருகிறதா?
3. ஒன்றையும் பிடிக்காமல் படி இறங்க முடியுமா?
4. கல்லும் மேடும் உள்ள பாதையில் நடக்கும்போது "கால் விட்டுப் போகுமோ" என்ற பயம் இல்லாமல் இருக்கிறதா?

நாலாவதைச் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். கால் விட்டுப் போவது போல இருந்தால் நிதானம் இன்னும் வரவில்லை. ஆறு மாதத்துக்கு மேலும் அப்படியே இருந்தால், அல்லது மூன்று நாலு தரம் மடங்கியிருந்தால், எங்களிடம் சொல்லுங்க. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் பிசியோதெரப்பி உண்டு. டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். அசட்டை செய்தால் வருஷங்கள் போன பிறகு மூட்டே தேய்ந்துவிடும்.

விளையாடும் பிள்ளைகளுக்கு

கரப்பந்து 1991இலிருந்து நமது தேசிய விளையாட்டு. தோட்டத்திலும் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் கரப்பந்தும் வலைப்பந்தும் எல்லேயும் ஆடுகிறார்கள். துள்ளி இறங்கும்போதும், அடுத்தவர் பாதத்தின் மேல் இறங்கும்போதும்தான் கால் மடங்குகிறது. ஆகவே பிள்ளைகளுக்கு இறங்கப் பழக்குங்க. முழங்காலை மடித்து, சத்தம் கேட்காமல், பூனை மாதிரி இறங்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் ஓட்டமும் ஒற்றைக் கால் நிற்பும் செய்யுங்க. மைதானத்துக் கல்லைப் பொறுக்கிப் போடுங்க. முன்பு கால் மடங்கிய பிள்ளை கணுக்காலுக்கு டேப் சுற்றியோ, லேஸ் கட்டும் உறை போட்டோ ஒரு வருஷம் ஆடினால் நல்லது. போட்டிக்கு ஆள் இல்லை என்று நொண்டுகிற பிள்ளையை மாஸ்டர்மார் இறக்க வேண்டாம்.

பேர் போகுமே என்ற பயம்

எல்லாவற்றிலும் பெரிய தடை இதுதான் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் உலை கொதிக்க வேண்டும், எட்டுக் கிழமை யார் காத்திருப்பார்கள்? பயிற்சி முடியும் வரை வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. நடக்க வந்ததும் சமதரை வேலை கேளுங்க. நேர்சரி, ஸ்டோர், பிள்ளைக்காம்பரா என்று ஏதாவது இருக்கும். எல்லா நேரமும் கிடைக்காது, ஆனால் கேட்காவிட்டால் ஒருநாளும் கிடைக்காது. உங்களோடு சேர்ந்து கேட்பது என் வேலை. கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும் தேறி வருகிற ஆளுக்குச் செங்குத்து நிரையைக் கொடுக்காமல் இருந்தால் பெரிய உதவி.

இன்னுமொன்று. வேலையில் விழுந்தால் அன்றைக்கே கங்காணியிடமும் டிஸ்பென்சரியிலும் சொல்லி எழுதி வையுங்க. வேலையால் ஏற்படும் காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எழுத்து இல்லாவிட்டால் பிறகு எதைக் காட்டிக் கேட்பது? "சுளுக்குத்தானே" என்று சொல்லாமல் விட்டதால்தான் அந்தத் தங்கச்சியின் முதல் இரண்டு விழுகைக்கும் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை.

அந்தத் தங்கச்சி கை தேறிய பிறகு எட்டுக் கிழமையும் பயிற்சி செய்தார். இஸ்தோப்பில் ஒற்றைக் காலில் நின்று பல் விளக்குவதைப் பார்த்து லயமே சிரித்தது. இப்போது அதே மலையில்தான் வேலை செய்கிறார். இரண்டு வருஷமாக அந்தக் கால் மடங்கவில்லை. போன மாதம் அவருடைய பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கால் மடங்கியபோது, என்னிடம் வருவதற்கு முன்பே சாக்கை மடித்துப் போட்டு அவரே பழக்கத் தொடங்கிவிட்டார். மூன்று நாள் பொறுத்து ஆரம்பிக்கச் சொன்னது மட்டும்தான் என் வேலை.

நாளைக் காலையில் பல் விளக்கும்போது நீங்களும் ஒரு காலில் நின்று பாருங்க. எந்தக் கால் ஆடுகிறதோ, அந்தக் கால்தான் பழக வேண்டிய கால்.

— தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்